தானாக ஏறும் எண்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க தொழிலைப் பத்தி ஏதாவது பேசுங்க, ஆனா இருபது நிமிஷத்துக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். நான் இயற்பியல் படித்துவிட்டு டேட்டாபேஸ் வேலைக்குப் போனவன். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அதைப் பேச இப்போது தெருவுக்குத் தெரு ஆள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு டேபிளில் புது வரி சேர்க்கும்போதெல்லாம் 1, 2, 3 என்று தானாக ஏறிக்கொண்டே போகிறதே, அந்த எண். ஆட்டோ இன்கிரிமென்ட் என்று பாடத்தில் வரும். முதல் வாரத்திலேயே அதை முடித்துவிடுவதால் அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் என்னைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்ன கோளாறுகளில் கணிசமானவை, அந்த எண் தராத ஒன்றை அதனிடம் எதிர்பார்த்ததால் வந்தவை.

1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட் என்ற கணித அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரிலேஷனல் டேட்டாபேஸ் என்று நாம் இன்று சொல்வதற்கெல்லாம் மூலம் அதுதான். ஒரு டேபிளில் வரிகள் எந்த வரிசையில் கிடக்கின்றன என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று அதில் சொன்னார். மூன்றாவது வரி, கடைசி வரி என்ற பேச்சே கிடையாது. அப்படியானால் ஒரு வரியை எப்படிச் சுட்டிக்காட்டுவது? அந்த வரிக்குள்ளே இருக்கும் ஒரு மதிப்பை வைத்துத்தான். அந்த மதிப்பு வேறு எந்த வரியிலும் இருக்கக் கூடாது. இதற்குப் பிரைமரி கீ என்று பெயர்.

எதை பிரைமரி கீயாக வைப்பது? நம் சங்க உறுப்பினர் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். பெயரை வைக்கலாமா? எஸ். முருகன் என்று கூப்பிட்டால் ஒரே வகுப்பில் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சில பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் மாறுகிறது. பாஸ்போர்ட் எடுக்கப் போன இடத்தில் இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் தன் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதப் போனால் சண்முகத்துக்கு எத்தனை எழுத்துக்கூட்டல்! சரி, செல் நம்பர்? நாம் விட்ட நம்பரைக் கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ரோல் நம்பர்? அது வருடா வருடம் 1-ல் தொடங்குகிறது. சேர்ந்த வருடம், துறை, ரோல் நம்பர் மூன்றையும் சேர்த்து வைத்தால் ஓரளவு நிற்கும். ஆனால் முதல் வருடத்தில் வேதியியலிலிருந்து இயற்பியலுக்கு மாறிவந்தவரை என்ன செய்வது? துறையின் பெயரையே மாற்றிவிட்டால்?

அர்த்தம் உள்ள எதைச் சாவியாக வைத்தாலும் அந்த அர்த்தம் மாறும் நாளில் சாவியும் மாறியாக வேண்டும். சாவி ஒரே இடத்தில் இருந்தால் பரவாயில்லை. சந்தா டேபிள், நன்கொடை டேபிள், விழாப் பதிவு டேபிள் என்று பத்து இடத்தில் அது நகலாகப் போய் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் எந்த அர்த்தமும் இல்லாத ஒரு எண்ணை டேட்டாபேஸே போட்டுக்கொடுக்கட்டும் என்ற ஏற்பாடு வந்தது. மை எஸ்க்யூஎல்லில் ஆட்டோ இன்கிரிமென்ட், எஸ்க்யூஎல் சர்வரில் ஐடென்டிட்டி, ஆரக்கிளிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் சீக்வென்ஸ். ஊருக்கு ஒரு பெயர், காரியம் ஒன்றுதான்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐடி இருக்கிறது என்பதால் ஒரே ஆள் இரண்டு முறை பட்டியலில் ஏறுவது நிற்காது. முதல் முறை 340, இரண்டாம் முறை 771 என்று டேட்டாபேஸ் சந்தோஷமாக இரண்டு எண் கொடுத்துவிடும். நான் சொன்ன வருடம், துறை, ரோல் நம்பர் என்ற மூன்றையும் சேர்த்து யூனிக் என்று ஒரு கட்டுப்பாடு தனியாகப் போட வேண்டும். ஐடி வந்த பிறகு இதைப் போட மறப்பவர்கள்தான் அதிகம்.

காலையில் 1974-ஆம் வருட செட்டைச் சேர்ந்த ஒரு அண்ணன் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். "தம்பி, போன வருஷம் வெளிய வந்த பையனுக்கு 12-ஆம் நம்பர், எனக்குத் தொள்ளாயிரத்துக்கு மேலயா? மூத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" அண்ணன் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பையன் முதலில் படிவத்தை நிரப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான். பதிவேறிய வரிசையைத் தவிர அந்த எண்ணில் வேறெதுவும் இல்லை. அதை அடையாள அட்டையில் அச்சிட்டது தப்பு. மூப்பு வேண்டுமென்றால் படித்த வருடத்தை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம், அதற்குத்தான் அந்தப் பத்தி இருக்கிறது.

அடுத்து இடைவெளி. "சார், 57-க்கு அப்புறம் 59 வந்திருக்கு, 58 எங்க போச்சு? யாரோ ஒரு ரெக்கார்டை அழிச்சிட்டாங்க!" இப்படி ஒரு பதற்றத் தொலைபேசி அழைப்பாவது வராத வருடம் எனக்கு இல்லை. தணிக்கைக்காரர் ஒருவர் இதற்காக ஒரு குமாஸ்தாவை நிற்கவைத்துக் கேள்வி கேட்டதையும் பார்த்திருக்கிறேன். பாவம், அந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை.

டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். 58-ஆம் டோக்கன் வாங்கியவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்காக 59, 60, 61 எல்லோரிடமும் டோக்கனைத் திரும்ப வாங்கி ஒவ்வொன்று குறைத்துக் கொடுப்பார்களா? 58 போனது போனதுதான். டேட்டாபேஸிலும் அப்படியே. ஒரு டிரான்ஸாக்‌ஷன் தொடங்கி எண்ணை வாங்கிய பிறகு, ஏதோ பிழையால் அது ரத்தானால் வரி மறைந்துவிடும், எண் திரும்பி வராது. வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். எண் திரும்பி வர வேண்டுமென்றால் 58 வாங்கியவர் வேலையை முடிக்கிறாரா கைவிடுகிறாரா என்று தெரியும்வரை 59-ஐ யாருக்கும் கொடுக்க முடியாது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் டிக்கெட் எடுக்கும் இடத்தில் அத்தனை பேரும் ஒருவருக்காகக் காத்து நிற்க நேரிடும்.

இடைவெளி ஒன்றோடு நிற்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆரக்கிள் சீக்வென்ஸ், நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், இருபது எண்களை முன்கூட்டியே எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். மின்சாரம் போனால் மிச்சமிருந்தவை போச்சு. எஸ்க்யூஎல் சர்வர் 2012 வந்தபோது, சர்வர் திடீரென்று நின்று கிளம்பினால் எண் ஒரேயடியாக ஆயிரம் தாவியது. பலர் தரவே போய்விட்டது என்று அலறினார்கள். எதுவும் போகவில்லை. எண்ணை வைத்து எண்ணிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான் அது அதிர்ச்சி. எத்தனை வரி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் கவுன்ட் என்று கேட்க வேண்டியதுதானே!

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். சில புரோகிராமர்களுக்கு டேட்டாபேஸ் தரும் எண்ணில் நம்பிக்கை இருக்காது, இந்த இடைவெளி பிடிக்காது. அவர்கள் தாங்களே எண் போடுவார்கள். டேபிளில் இப்போது இருக்கும் பெரிய எண் எது என்று கேட்டு, அதோடு ஒன்றைக் கூட்டுவது. மேக்ஸ் பிளஸ் ஒன். ஒருவர் மட்டும் உட்கார்ந்து சோதித்தால் பிரமாதமாக ஓடும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். வெளியாள் ஒருவர் எழுதிக் கொடுத்த மென்பொருள் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கவுன்டர் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. காலையில் வெறும் வயிற்றோடு வருபவர்களின் கூட்டம் கூடியதால் இரண்டாவது கவுன்டர் திறந்தார்கள். ஒரு நாள் இரண்டு கவுன்டரிலும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். இரண்டு கம்ப்யூட்டரும் பெரிய எண் எது என்று கேட்டன. இரண்டுக்கும் 4317 என்று பதில். இரண்டும் ஒன்றைக் கூட்டி 4318 என்று எழுதின. அந்தப் பத்திக்குப் பிரைமரி கீ கட்டுப்பாடு இருந்திருந்தால் இரண்டாவதை டேட்டாபேஸ் தடுத்திருக்கும். அதையும் போட்டிருக்கவில்லை. ரத்தம் எடுத்த இரண்டு குழாய்களிலும் 4318 என்று ஸ்டிக்கர்.

ஒரு குழாய், வெகுநாளாகச் சர்க்கரை நோய் இருந்த ஒரு பெரியவருடையது. மற்றது முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணுடையது. முடிவுகள் இடம் மாறின. பெரியவருக்குச் சர்க்கரை கச்சிதமாக இருப்பதாகத் தாள் போனது. அந்தப் பெண்ணுக்கு முந்நூறுக்கு மேல். அவரைப் பார்த்த டாக்டர் அனுபவசாலி. முந்தைய மாதத் தாளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மருந்து எழுதும் முன் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். அதற்குள் அந்தக் குடும்பம் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. பெரியவர் வீட்டிலோ நல்ல செய்தி என்று கேசரி கிண்டியிருக்கிறார்கள். அவரைத் தேடிப் பிடித்துச் சொல்லும்வரை கூடத்தில் இருந்தவர்களுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அந்த டேபிளில் இதே மாதிரி இன்னும் பதினோரு ஜோடிகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிச் சரிபார்த்தோம்.

எண்ணை டேட்டாபேஸ்தான் போட வேண்டும். போட்ட பிறகு நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. "டேபிளில் கடைசி எண் என்ன?" என்று கேட்டால் அதற்குள் பக்கத்து கவுன்டர்காரர் ஒன்று போட்டிருப்பார், அவருடையது வரும். "நான் போட்ட வரிக்கு என்ன எண் வந்தது?" என்று கேட்க வேண்டும். மை எஸ்க்யூஎல்லின் லாஸ்ட் இன்ஸர்ட் ஐடி அந்தந்த இணைப்புக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லும், அடுத்தவர் என்ன போட்டாலும் பாதிக்காது. போஸ்ட்கிரெஸ்ஸில் இன்ஸர்ட் வாக்கியத்தின் வாலிலேயே ரிடர்னிங் என்று சேர்த்தால் கையோடு எண் வந்துவிடும். எனக்கு அதுதான் பிடித்த வழி. எஸ்க்யூஎல் சர்வர்காரர்கள் ஸ்கோப் ஐடென்டிட்டி என்று கேளுங்கள். வெறும் ஐடென்டிட்டி என்று இரண்டு அட் குறி போட்டுக் கேட்டால், பின்னணியில் ஓடும் டிரிகர் வேறொரு டேபிளில் போட்ட வரியின் எண் வந்து நிற்கும்.

கொடுத்த எண்ணை மறுபடி இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. இதில் மை எஸ்க்யூஎல்லுக்கே ஒரு பழைய வழு இருந்தது. அதன் இன்னோடிபி பகுதி அடுத்த எண் என்ன என்பதை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்தது. சர்வரை நிறுத்திக் கிளப்பினால், டேபிளில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். கடைசி எண் 900, அந்த வரியை அழித்துவிட்டு சர்வரை மறுபடி கிளப்பினால் அடுத்து வருபவருக்கும் 900. பழைய 900-இன் பெயரில் வேறெங்காவது ஒரு கடன் பாக்கி எழுதியிருந்தால் புதியவர் தலையில் விழும். 2003-ல் புகாரான இந்த வழு, 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. பதினைந்து வருடம்! பழைய பதிப்பை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் ஊருக்குப் போனதும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண் தீர்ந்துபோவதும் உண்டு. சாதாரண இன்டிஜர் பத்தியில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் போகும். ஒரு நாளைக்கு ஒரு கோடி வரி ஏறும் டேபிள் ஏழு மாதத்தில் அங்கே போய் முட்டும். 2009 ஜூன் மாதம் ட்விட்டர் பதிவுகளின் எண் இந்த எல்லையைத் தாண்டியபோது, வெளியாட்கள் எழுதிய சில செயலிகள் படுத்துவிட்டன. 2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற அமெரிக்கச் சேவையில் ஒரு டேபிள் இந்த எண்ணை எட்டியதால், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பழையதைப் படிக்கலாமே தவிரப் புதிதாக எதுவும் எழுத முடியவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்லாஷ்டாட் கதை. 2006-ல் அங்கே வாசகர் கருத்துகள் 1,67,77,216 என்ற எண்ணைத் தொட்டன. இரண்டின் 24-ஆம் அடுக்கு. பிரைமரி கீயை அவர்கள் பல வருடத்துக்கு முன்பே பெரிதாக்கி வைத்திருந்தார்கள். எந்தக் கருத்துக்கு இது பதில் என்று குறிக்கும் பத்தியைப் பெரிதாக்க மறந்துவிட்டார்கள். வாசலை அகலப்படுத்தினார்கள், உள்ளறைக் கதவு பழைய அளவிலேயே நின்றது. பிக் இன்ட் போட்டால் நொடிக்குப் பத்து லட்சம் வரி ஏறினாலும் இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வருடத்துக்கு மேல் தாங்கும். வரிக்கு நாலு பைட்தான் கூடுதல். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வரிசை எண் ஊமையல்ல, நம்மைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் தங்கள் டாங்குகளின் பாகங்களில் வரிசை எண் பொறித்தார்கள். பிடிபட்ட டாங்குகளின் எண்களை வைத்து, மாதம் எத்தனை தயாராகிறது என்று நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் கணக்கு 327. உளவுத்துறை சொன்னது 1550. போருக்குப் பின் ஜெர்மானியரின் ஏடுகளைப் பார்த்தால் 342! உங்கள் கம்பெனி இணையக் கடையில் போட்டியாளர் ஒருவர் இந்தத் திங்கட்கிழமை ஒரு சோப்பு வாங்குகிறார், ஆர்டர் எண் 5210. அடுத்த திங்கள் இன்னொரு சோப்பு, 5630. வாரத்துக்குச் சுமார் 420 ஆர்டர் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, இரண்டு சோப்பு செலவில்.

வியாபார ரகசியத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. 2019-ல் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துப் பதிவுக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் ஏறக்குறைய 88 கோடியே 50 லட்சம் ஆவணங்கள் திறந்து கிடந்தது வெளியே வந்தது. ஒருவருக்கு வந்த இணைய முகவரியில் ஆவண எண்ணை ஒன்று கூட்டிப் போட்டால் அடுத்தவருடைய வங்கிக் கணக்கு, வீட்டுக்கடன் தாள் எல்லாம் விரிந்தது. எண்ணை மறைப்பது இதற்கு அரை வைத்தியம். கேட்கிறவருக்கு அந்த வரியைப் பார்க்க உரிமை உண்டா என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பதுதான் முழு வைத்தியம். நம் ஆதார் எண்ணை வரிசையாகக் கொடுக்காமல் தாறுமாறாக எடுத்துக் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அடுத்த வீட்டுக்காரர் எண்ணை நம் எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது.

சங்கத்தின் சென்னைக் கிளை தனியாக ஒரு பட்டியல் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதிலும் 1, 2, 3 என்றுதான் எண் இருக்கும். அப்படியே கொண்டுவந்து இங்கே கொட்டினால் இரண்டு 1, இரண்டு 2. இந்த வேலையைச் செய்யப்போகும் மாணவர்கள், பழைய எண்ணைத் தனிப் பத்தியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, புது எண்ணை டேட்டாபேஸ் போட விடுங்கள். கையால் எண் கொடுத்து ஏற்றினால், போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸுக்கு அது தெரியாது. செட்வால் கொடுத்து அதை நகர்த்தாவிட்டால், பழைய இடத்திலிருந்தே தொடங்கி, இருக்கிற எண்ணிலேயே மோதும். பல ஊர்களில் தனித்தனியே ஏறி அடிக்கடி ஒன்றுசேர வேண்டிய தரவு என்றால் யூயூஐடி என்ற 128 பிட் எண் வசதி, யாரிடமும் கேட்காமல் அங்கங்கே உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் முழுக்கத் தாறுமாறான யூயூஐடி, இன்டெக்ஸ் முழுக்கச் சிதறி விழுந்து பெரிய டேபிளை மெதுவாக்கும். 2024-ல் தரப்படுத்திய ஏழாம் வகையில் முன்பகுதியில் நேரம் இருப்பதால் ஓரளவு வரிசையாக விழும். ஒரே சர்வரில் இருக்கும் நம் சங்கப் பட்டியலுக்கு இதெல்லாம் தேவையில்லை.

கடைசியாக ஒன்று, கடை வைத்திருக்கும் நண்பர்கள் பலர் வந்திருப்பதால். பில் எண்ணுக்கு மட்டும் இந்தத் தானியங்கி எண்ணை வைக்காதீர்கள். 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. விதிகளில் 46-ஆவது விதி, விலைப்பட்டியலுக்குத் தொடர் வரிசை எண் வேண்டும், பதினாறு எழுத்துக்கு மிகக் கூடாது, அந்த நிதியாண்டில் தனித்துவமாக இருக்க வேண்டும் என்கிறது. ஏப்ரல் பிறந்தால் புது வரிசை தொடங்குவது நம் கடை வழக்கம். எண் தாண்டினால் விளக்கம் சொல்லும் பாடு உங்களுடையது. டேபிளின் ஐடி அதன் பாட்டுக்குத் தாவட்டும். பில் எண்ணுக்குத் தனியாக ஒரு குட்டி டேபிளில் எண்ணை வைத்து, பில் பதிவாகும் அதே டிரான்ஸாக்‌ஷனில் பூட்டி எடுத்து ஏற்றுங்கள். பில் ரத்தானால் எண்ணும் திரும்பிவிடும். இங்கே ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் ஒரு கடையின் பில் வேகத்துக்கு அது தெரியவே தெரியாது. பதிவான பில்லைப் பிறகு ரத்து செய்ய நேர்ந்தால் வரியை அழிக்காதீர்கள். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் தப்பான பில்லைக் கிழித்து எறிய மாட்டார்கள். குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, பில் புத்தகத்திலேயே விட்டுவைப்பார்கள். டேபிளிலும் நிலை என்று ஒரு பத்தி வைத்து அதையே செய்யுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.